விக்டோரியா காலத்துக் கிரிக்கெட் அங்காடி

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் வாழ்வை அறிய அவர்தம் அரசியல் வரலாறு மட்டும் போதாது. அவர்கள் எவற்றை விலை கொடுத்து வாங்கினர் என்பதையும் அறிதல் வேண்டும். மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் கொண்டு பழந்தமிழர் வாழ்வை நாம் உய்த்துணர்கின்றோம். அம்முறையைப் பிறநாட்டு வரலாற்றிற்கும் பொருத்திப் பார்த்தல் பயனுடையது.

விக்டோரியா அரசியார் 1837 முதல் 1901 வரை இங்கிலாந்தை ஆண்டார். அக்காலத்தில் கிரிக்கெட், சிற்றூர்ப் புல்வெளிகளிலும் செல்வர் பந்தயங்களிலும் அடங்கியிருந்த நிலை மாறி, நாடு தழுவிய ஆட்டமாக வளர்ந்தது. இவ்வளர்ச்சியை ஓட்டக் கணக்குகளைக் கொண்டு விளக்கிய நூல்கள் பல. அங்காடியின் வழியாக அதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எவை வாங்கப்பட்டன, எவரிடம் வாங்கப்பட்டன, எவரால் வாங்க இயன்றது என்னும் மூன்று வினாக்களை எழுப்பி, அவற்றிற்கு விடை காண முயல்கின்றோம்.

விதி மாறக் கருவி மாறிற்று

விக்டோரியா அரியணை ஏறுவதற்கு முந்தைய ஆண்டாகிய 1836இல், லெஸ்டர் நகரில் வட இங்கிலாந்து அணிக்கும் தென் இங்கிலாந்து அணிக்கும் இடையே ஆட்டம் ஒன்று நடைபெற்றது. கெண்ட் மாநிலத்து வீரர் ஆல்பிரட் மின், கால்காப்பு ஏதும் அணியாமல் ஆடி, ஆட்டமிழக்காது 125 ஓட்டங்கள் எடுத்தார். பந்து மீண்டும் மீண்டும் தாக்கியதால் அவர் கால் வீங்கிப் புண்பட்டது. அமர்ந்து செல்லவும் இயலாத அவரைக் குதிரை வண்டியின் மேற்கூரையில் கிடத்தி இலண்டனுக்குக் கொண்டு சென்றனர். காலையே வெட்டி எடுக்க நேருமோ என மருத்துவர்கள் அஞ்சினர். நற்பேறாக அவர் நலம் பெற்று மீண்டும் களம் புகுந்தார்.

அக்காலத்தில் கால்காப்பு இன்மைக்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் பந்தைக் கையைத் தாழ்த்தித் தரையை ஒட்டியே வீசினர். அதனால் காயம் அரிதாகவே நேர்ந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் சரே மாநிலத்து இராபின்சன் என்பார் மெல்லிய பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு ஆட வந்தபோது, பந்து பட்டு எழுந்த ஒலியைக் கேட்டுப் பிறர் எள்ளி நகையாடினர். அவரும் அதனைக் கைவிட்டார். ஆனால் 1835இல் கையைத் தோள் அளவுக்கு உயர்த்தி வீசுவதை விதி ஏற்றுக்கொண்டது. 1864இல் தோளுக்கு மேலும் கையை உயர்த்தி வீச இசைவு கிடைத்தது. பந்தின் விரைவும் எழுச்சியும் மிகுந்தன. நேற்று நகைப்புக்கு உரியதாய் இருந்த காப்பு, இன்றியமையாப் பொருளாயிற்று.

1841இல் நாட்டிங்காம் பகுதியைச் சேர்ந்த தாமஸ் நிக்சன், தக்கையால் ஆன கால்காப்பினை அறிமுகப்படுத்தினார். பீலிக்ஸ் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட நிக்கலஸ் வானோஸ்டிராக்ட் என்னும் பள்ளியாசிரியர், விரல்களின் மேற்புறத்தில் ரப்பர்க் குழாய்கள் பொருத்திய கையுறையை வகுத்தார். பயிற்சிக்காகப் பந்தை எறியும் பொறி ஒன்றினையும் அவர் அமைத்தார். 1845இல் மட்டையாட்டம் பற்றி நூல் எழுதியவரும் அவரே. ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்கு வெளியேயும் கற்பனைத் திறத்தைச் செலுத்தியதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

எனினும் தலைக்குக் காப்பு தேடும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. 1870இல் இலார்ட்சு மைதானத்தில் பந்து தலையில் பட்டு ஜார்ஜ் சம்மர்ஸ் என்னும் நாட்டிங்காம் வீரர் சில நாள்களில் உயிர் நீத்தார். அவருக்கு அடுத்து ஆட வந்த ரிச்சர்ட் டாப்ட், துவாலை ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். அத்துவாலையை அவர் காலத்து அங்காடியின் எல்லைக் கோடாகக் கொள்ளலாம். காலுக்கும் கைக்கும் காப்பு விற்ற கடைகளில் தலைக்குக் காப்பு இல்லை.

மட்டையும் பந்தும்

மட்டையின் அகலத்திற்கு வரம்பு வகுத்த வரலாறு சுவையானது. 1771இல் ஒருவர் விக்கெட்டின் அகலம் முழுமையையும் மறைக்கும் மட்டையுடன் ஆட வந்தார். அதன் விளைவாக மட்டையின் அகலம் 4¼ அங்குலத்திற்கு மிகுதல் கூடாது என விதி பிறந்தது. 1835இல் நீளம் 38 அங்குலத்திற்குள் அடங்க வேண்டும் எனவும் வரையறுத்தனர். எடைக்கு வரம்பு இல்லை. ஆகவே மட்டை வாங்குவோர் முதலில் அதனைக் கையில் தூக்கி, தம் வலிமைக்கு ஏற்றதா எனப் பார்த்தனர்.

பழைய மட்டை ஒரே மரத்துண்டில் கைப்பிடியோடு சேர்த்துச் செதுக்கப்பட்டது. விரைந்து வரும் பந்தை அடிக்கும்போது அதன் அதிர்ச்சி முழுவதும் கையில் இறங்கியது. இதற்குத் தீர்வு காண மட்டைத் தச்சர்கள் பல வழிகளை முயன்றனர். கைப்பிடியைத் தனியே செய்து, ஆப்பு வடிவில் அலகினுள் செருகி ஒட்டினர். 1853இல் முன்னர்க் கூறிய நிக்சன் கைப்பிடிக்குப் பிரம்பைப் பயன்படுத்தினார். ஆயினும் இணைப்பின் மூலையில் மட்டை உடைதல் தொடர்ந்தது. 1880களில் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்னும் பொறியாளர், இணைப்பைப் படிப்படியாகக் கூம்பும் வடிவில் அமைத்துக் குறையை நீக்கினார். இவர் செவர்ன் ஆற்றுப் புகைவண்டிச் சுரங்கப் பணியின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். பெருஞ்சுரங்கம் அமைத்தவரின் அறிவு சிறு கைப்பிடிக்கும் பயன்பட்டது.

மட்டையின் அலகு வில்லோ மரத்தால் ஆனது. 1890கள் வரை அம்மரத்தின் கருநிற வைரப்பகுதியையே விரும்பினர். அதன் பின்னர் வெளிப்புறத்தில் உள்ள வெண்ணிறப் பகுதிக்கு மதிப்பு உயர்ந்தது. புது மட்டையை வாங்கிய உடனே ஆடத் தொடங்கிவிடல் இயலாது. ஆளிவிதை எண்ணெய் பூசி ஊறவைத்து, பழைய பந்தால் மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். வாங்கும் வேலை கடையில் முடிந்தாலும், மட்டையை ஆக்கும் வேலை வாங்கியவர் வீட்டிலும் தொடர்ந்தது எனலாம்.

பந்தின் எடை 5½ முதல் 5¾ அவுன்சு வரை இருத்தல் வேண்டும் என்பது 1774 முதல் வழங்கும் விதி. நடுவில் தக்கை, அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், அதற்கு மேல் செஞ்சாயம் ஏற்றிய தோல், அதனைச் சேர்க்கும் தையல் வரிசைகள் என்னும் அமைப்புடையது பந்து. கெண்ட் மாநிலத்துப் பென்ஷர்ஸ்ட் ஊரைச் சார்ந்த டியூக் குடும்பத்தார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இத்தொழிலில் பெயர் பெற்றனர். விக்டோரியா காலத்திலும் பந்து என்றால் கெண்ட் மாநிலம் என்னும் நிலை நீடித்தது. பந்தின் தையலைக் கையாலேயே இட்டனர். பொறிகள் பெருகிய அந்நூற்றாண்டில் கைத்தொழிலாகவே நின்ற பொருள்களுள் பந்தும் ஒன்று.

இப்பொருள்களை ஒருங்கே நோக்கினால் உண்மை ஒன்று புலப்படும். தக்கை ஐபீரியத் தீபகற்பத்தின் காடுகளில் விளைவது. பிரம்பு தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்கு உரியது. ரப்பர் அந்நாளில் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் தனி ஆட்டம் எனப் பெருமை பேசப்பட்ட ஒன்று, பல நாட்டுக் கூலியாளர் உழைப்பின்மேல் நின்றது.

உடையும் அடையாளமும்

இன்று நாம் கிரிக்கெட் என்றவுடன் வெள்ளுடையை நினைக்கின்றோம். விக்டோரியா காலத்தின் முற்பகுதி அவ்வாறு இருக்கவில்லை. வீரர்கள் உயரமான பட்டுத் தொப்பியும், கழுத்துப் பட்டையும், கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரும் அணிந்து ஆடினர். 1846இல் வில்லியம் கிளார்க் அமைத்த அனைத்து இங்கிலாந்துப் பதினொருவர் அணியினர் வண்ணப் புள்ளியிட்ட சட்டைகளை அணிந்தனர். நூற்றாண்டின் நடுவில் உயரத் தொப்பி மறைந்து வட்டத் தொப்பி வந்தது. பின்னர் முன்விளிம்புடைய சிறு குல்லாய் இடம்பிடித்தது. நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெண்ணிற உடையும் வெண்ணிறக் காலணியும் பொதுவழக்காயின.

உடைக்கு ஏற்ற துணியாகப் பிளானல் என்னும் மெல்லிய கம்பளித் துணியைக் கொண்டனர். அது வியர்வையை உறிஞ்சும், குளிர்காற்றையும் தாங்கும். ஆனால் துவைத்தால் சுருங்கும். ஆகவே அளவு பார்த்து வாங்குதலில் முன்னறிவு தேவைப்பட்டது. 1850களுக்குப் பின் தையற்பொறி பரவியமையால் ஆயத்த ஆடைகள் பெருகின. தையற்காரரிடம் அளவு கொடுத்துக் காத்திருந்தவர்க்குக் கடையிலேயே தேர்ந்தெடுத்து வாங்கும் வாய்ப்புக் கிட்டியது.

உடை வெறும் வசதிப் பொருளாக நிற்கவில்லை, அடையாளமாகவும் ஆயிற்று. 1845இல் தோன்றிய ஐ சிங்காரி என்னும் சங்கம் கறுப்பு, சிவப்பு, பொன் ஆகிய நிறங்களைத் தனக்குரியவையாகக் கொண்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் சங்கங்களும் தத்தமக்கு நிறங்களை வகுத்துக்கொண்டன. பிளேசர் என வழங்கும் மேற்சட்டையின் பெயர், கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் படகுக் குழுவினர் அணிந்த செந்நிறச் சட்டையிலிருந்து பிறந்தது என்பர். இந்நிறங்களைப் பணம் மட்டும் கொடுத்துப் பெறல் இயலாது, உறுப்பினராதல் வேண்டும். அங்காடியில் விற்கும் பொருளுக்கும் உரிமைக்கும் இடையே இருந்த வேலி இது.

பெண்டிரும் களம் புகுந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1890இல் பொருள் ஈட்டும் நோக்குடன் பெண்கள் அணிகள் இரண்டு அமைக்கப்பெற்றுப் பல ஊர்களில் ஆடின. அம்மகளிர் நீண்ட பாவாடையுடனேயே ஓடவும் பந்து பிடிக்கவும் வேண்டியிருந்தது.

ஆட்டக்காரர் வணிகரானமை

எவரிடம் வாங்கினர் என்னும் வினாவிற்கான விடை நம் ஆய்வின் நடுநாயகமாகும். விக்டோரியா காலத்தின் புகழ்பெற்ற கிரிக்கெட் கடைகளைத் தொடங்கியவர்களுள் பலர் ஆட்டக்காரர்களே.

ஜான் விஸ்டன் 1826இல் பிரைட்டனில் பிறந்தவர், குறுகிய உருவினர், சிறந்த பந்துவீச்சாளர். 1850இல் இலார்ட்சு மைதானத்தில் ஓர் ஆட்டப் பகுதியில் எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் குச்சியைத் தகர்த்தே வீழ்த்தினார். 1855இல் பிரெட் லில்லிவைட்டுடன் கூட்டுச் சேர்ந்து இலண்டன் கவென்ட்ரி தெருவில் கிரிக்கெட் பொருள்களும் சுருட்டும் விற்கும் கடையைத் திறந்தார். கூட்டு 1858இல் முறிந்தது; கடை வளர்ந்தது. 1864இல் அவர் ஒரு ஷில்லிங் விலையில் ஆண்டு மலர் ஒன்றை வெளியிட்டார். அம்முதல் இதழின் 112 பக்கங்களில் கிரிக்கெட்டோடு கால்வாய்களின் நீளமும், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்களங்களின் நாள்களும் இடம்பெற்றன! கடையின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்ற அம்மலர், இன்றளவும் ஆண்டுதோறும் வெளிவருகின்றது. வணிகத் துணையாகத் தோன்றிய ஒன்று வரலாற்று ஆவணமாக நிலைபெற்றது.

லில்லிவைட் குடும்பமும் அத்தகையதே. தந்தை வில்லியம் புகழ்பெற்ற பந்துவீச்சாளர். மைந்தருள் ஜான் ஆட்டக்காரராகவும் நடுவராகவும் கடை உரிமையாளராகவும் விளங்கினார். 1862இல் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் கையை மிக உயர்த்தி வீசியபோது, ஆறு முறை தொடர்ந்து விதி மீறல் என அறிவித்தவர் இவரே. அப்பூசலே 1864ஆம் ஆண்டின் விதி மாற்றத்திற்கு வழிகோலியது. 1863இல் இக்குடும்பத்தவரான ஜேம்ஸ், இலண்டன் ஹேமார்க்கெட்டில் கடை திறந்தார். நாட்டிங்காமில் ஆல்பிரட் ஷாவும் ஆர்தர் ஷ்ரூஸ்பரியும் 1880இல் விளையாட்டுப் பொருள் வணிகம் தொடங்கினர். 1885இல் வில்லியம் கன், தாமஸ் மூர் என்பாருடன் சேர்ந்து கன் அண்டு மூர் நிறுவனத்தை அமைத்தார்.

இவர்கள் வணிகம் நாடியது ஏன்? அக்காலத்து ஆட்டக்காரர் இரு வகையினர். ஊதியம் பெறாது ஆடியோர் கனவான்கள் எனப்பட்டனர். ஊதியத்திற்கு ஆடியோர் ஆட்டக்காரர்கள் எனவே அழைக்கப்பட்டனர். இருவர்க்கும் உடைமாற்றும் அறையும் களம் புகும் வாயிலும் வேறு வேறு. தொழில் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்திற்குப் பெற்றது பொதுவாக 5 பவுன். வழிச்செலவும் தங்கும் செலவும் அதனுள் அடங்கும். குளிர்காலத்தில் வருவாய் இல்லை. முதுமையில் ஓய்வூதியம் இல்லை. கைவலி கண்டால் தொழில் முடிந்தது. வாதநோயால் 1863இல் ஆட்டத்திலிருந்து விலகிய விஸ்டனுக்குக் கடை இருந்தது.

1859இல் இலிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஆங்கில வீரர் பன்னிருவர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவருள் விஸ்டன் ஒருவர். ஜான் லில்லிவைட் ஒருவர். விரைவுப் பந்துவீச்சால் மட்டையாளரை நடுங்கச் செய்த ஜான் ஜாக்சன் மற்றொருவர். விஸ்டன் 1884இல் மறைந்தபோது தம் பெயர் தாங்கிய வணிகத்தை விட்டுச் சென்றார். ஜாக்சனோ 1866இல் காலில் காயமுற்று ஆட்டத்தை இழந்தார். 1901இல், அரசியார் மறைந்த அதே ஆண்டில், தாம் முன்பு புகழுடன் கப்பலேறிய இலிவர்பூலிலேயே, ஏழையர் விடுதியின் மருத்துவமனையில் உயிர் துறந்தார். ஒரே கப்பலில் சென்ற இருவரின் முடிவுகளுக்கு இடையே உள்ள தொலைவே, அக்காலக் கிரிக்கெட் கடையின் உண்மைப் பொருளை நமக்கு உணர்த்துகின்றது. ஆட்டக்காரர்க்கு அது முதுமையின் ஊன்றுகோல். இதனை விஸ்டன் நன்கு அறிந்திருந்தார். 1857இல் நலிந்த ஆட்டக்காரர்க்கு உதவ அமைந்த நிதிச் சங்கத்தின் செயலாளராக அவர் பணியாற்றினார்.

புகைவண்டியும் அஞ்சலும்

கடை இலண்டனில், வாங்குவோர் நாடெங்கும். இவ்விடைவெளியை நிரப்பியவை அக்காலத்தின் புதுமைகளே. புகைவண்டிப் பாதைகள் விரிந்ததால் கிளார்க்கின் அணி ஊர் ஊராகச் சென்று ஆடியது. சிறந்த வீரரின் கையில் உள்ள மட்டையையும் காலில் உள்ள காப்பையும் சிற்றூரார் நேரில் கண்டனர். கண்டதை வாங்க விழைதல் மனித இயல்பு.

1840இல் ஒரு பென்னி அஞ்சல் வந்தது; கடைக்குக் கடிதம் எழுதுதல் எளிதாயிற்று. 1853இல் விளம்பர வரி நீக்கப்பட்டது; இதழ்களில் விளம்பரம் பெருகியது. 1881இல் அஞ்சல் ஆணை வழியாகச் சிறு தொகை அனுப்ப இயன்றது. 1883இல் பொதி அஞ்சல் தொடங்கியது. கடிதம் எழுதிப் பணம் அனுப்பிப் பந்தையும் கையுறையையும் வீட்டு வாயிலில் பெறும் வாய்ப்பு இவ்வாறு படிப்படியாக உருவாயிற்று. புகழ்பெற்றோர் பெயரைக் கொண்டு பொருள் விற்கும் வழக்கமும் அப்போதே வேரூன்றியது. 1890களில் டபிள்யூ. ஜி. கிரேஸின் உருவம் கடுகுத்தூள் விளம்பரத்திலும் இடம்பெற்றது.

வாங்க இயன்றோரும் இயலாதோரும்

பொருள் பெருகியது, எல்லார்க்கும் கிட்டியதா? 1850-51இல் இங்கிலாந்தின் வேளாண்மையை நேரில் ஆராய்ந்த ஜேம்ஸ் கேர்டு, உழவுக் கூலியாளின் வார ஊதியம் சராசரியாக 10 ஷில்லிங்கிற்கும் குறைவு எனக் கண்டார். விஸ்டன் மலரின் விலை ஒரு ஷில்லிங்கே எனினும், அத்தகைய கூலியாளுக்கு அது வார ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் மேல். மட்டையும் காப்பும் தனக்கெனத் தனியே வாங்குதல் அவனால் ஆகாது.

இவ்விடத்தில்தான் ஊர்ச்சங்கம் துணை நின்றது. உறுப்பினர் சிறு தொகை செலுத்த, அத்தொகையால் மட்டையும் பந்தும் காப்பும் வாங்கிப் பொதுப் பையில் வைத்தனர். ஆடும் முறை வந்தவர் அணிவர். முடிந்ததும் அடுத்தவரிடம் தருவர். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைப் பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியுடன் நிறுத்தியது. நாளடைவில் ஆடவரும் அவ்வோய்வைப் பெற்றனர். ஓய்வு நேரமும் பொதுப் பையும் சேர்ந்தே கிரிக்கெட்டை எளியவரிடம் கொண்டு சேர்த்தன. செல்வர் தனியே வாங்கியதை எளியோர் கூடி வாங்கினர்.

கடல் கடந்த பம்பாயிலும் இதன் சாயலைக் காண்கின்றோம். 1848இல் பார்சி இளைஞர்கள் ஓரியண்டல் கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கினர். தொடக்க நாள்களில் குடையை மட்டையாகவும் உயரத் தொப்பியை விக்கெட்டாகவும் கொண்டு பார்சிச் சிறுவர் ஆடினர் என அவர்தம் வரலாறு கூறும். அச்சமூகத்தாரின் அணி 1886இலும் 1888இலும் இங்கிலாந்துக்கே சென்று ஆடியது. ஆடும் வேட்கை, பொருள் கிட்டும் வரை காத்திருப்பதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படும். பந்துவீச்சு விதி மாறியபோது காப்புக் கருவி பிறந்தது. புகைவண்டியும் அஞ்சலும் அக்கருவியைச் சிற்றூர் வரை கொண்டு சென்றன. உடையின் நிறம் மாந்தரைச் சேர்த்தது போலவே பிரிக்கவும் செய்தது. கடை வைத்த ஆட்டக்காரர் முதுமையில் நிமிர்ந்து நின்றார்; கடை இல்லாதவருள் ஜாக்சனைப் போன்றோர் பிறர் கையை எதிர்நோக்கினர். கனவான், ஆட்டக்காரர் என்னும் பாகுபாடு முற்றிலும் நீங்க 1962ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவச் செல்வங்கள் ஒன்றை நினைவில் இருத்துதல் நன்று. பழைய விளம்பரம், விலைப்பட்டியல், கடைக்கணக்கு ஆகியவற்றைக் குப்பையெனத் தள்ளலாகாது. அரசர் பட்டயம் சொல்லாத எளியோர் வாழ்வை அவை சொல்லும். நம் ஊர்ப் பழங்கடைகளின் கணக்கேடுகளையும் இக்கண் கொண்டு நோக்கினால், எழுதப்படாத வரலாறுகள் பல வெளிப்படும். ஆட்டம் முடிந்தபின் அரங்கம் வென்றவரையே நினைவு கொள்கின்றது. பந்தைத் தைத்த கையையும், மட்டையைச் செதுக்கிய கையையும், ஆடி ஓய்ந்த கையையும் நினைவு கொள்ளுதல் ஆய்வாளர் கடன்.